ஒரு விரல் இடைவெளி

அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஒத்தவிரல் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதை மனைவியே மறந்துவிட்டாளோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிக் கிடக்கும் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால், காலி இடத்தில், கார்ப் பைத்தியங்கள் கூடுவார்கள். வந்தவுடன் சௌக்கியமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நேராக அடுத்தவன் வண்டிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயருக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்த மேனிக்கே இருக்கிற வண்டியில் கை மொத்தமும் உள்ளே போகும். அது கேவலம். மூன்று விரல் நுழைந்தால் ஏதோ முயற்சி செய்திருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு என்றால் மரியாதை. ஒரே ஒரு விரல்தான் நுழையும் என்றால், உட்கார்ந்தவன் எழுந்து நின்று கைகுலுக்குவான்.

நம்ம ஆள் வண்டியில் ஒரு விரல், அதுவும் சுண்டுவிரல். அப்புறம் பெயர் வராமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் அது பந்தயக் கார் இல்லை. நாலு கதவு, பின்னால் பெட்டி வைக்க டிக்கி, பிள்ளை குட்டியோடு போய்வரச் செய்த சாதாரண சாம்பல் நிற செடான். வாங்கும்போது வீட்டில் எல்லோருக்கும் சொன்னது, "நாம நாலு பேரும் ஒண்ணா போகலாம்" என்பதுதான். நாலு பேர் என்றால் அவன், பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவி, மகள், மனைவியின் அப்பா. மாமியார் போனபிறகு மாமனார் இவர்களோடு வந்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வந்த முதல் நாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவுக்கு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர் ரைட் சொல்லாமல் அவன் வண்டியை எடுத்ததில்லை. மகள் அதற்காகவே சீக்கிரம் கிளம்பி வந்து உட்காருவாள்.

பிறகுதான் பைத்தியம் பிடித்தது. முதலில் அலாய் வீல். பிறகு சைலன்சர். பிறகு முன்னால் இரண்டு பக்கெட் சீட்டு. உள்ளே விழுந்தால் எழுந்திருக்க ஆள் தேவைப்படும். பிறகு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்; சுத்தம் என்றால் அவனுக்கு உயிர். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், ஒரு வாளியில் நல்ல தண்ணீர், உடம்புக்கு ஒரு துணி, சக்கரத்துக்கு ஒரு துணி. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டான். கடைசியாக உள்கூரையின் வெளுத்த துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, கன்னங்கரேலென்று வெல்வெட் மாதிரி ஒரு துணியை ஒட்ட வைத்தான். கூரை ஒரே வீச்சில் இருக்கவேண்டும், நடுவில் பிளாஸ்டிக் துருத்திக்கொண்டிருந்தால் அசிங்கம் என்று நாலு கைப்பிடிகளையும் கழற்றச் சொல்லிவிட்டான். ஓட்டைகள் துணிக்குள் மறைந்துபோயின. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உள்ளே தலையை விட்டுப் பார்த்து வாயைப் பிளந்தது. அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியை இறக்கியதில் ஒரு கூத்து உண்டு. வீட்டுத் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு வேகத்தடை. எவன் கட்டினானோ, சின்னச் சுவர் மாதிரி நிற்கும். ஆள் பாரத்தோடு போனால் வண்டியின் அடி இடிக்கும். அதனால் அங்கே வந்ததும் நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொல்வான். குடும்பம் இறங்கி நடக்கும். அவன் மட்டும் வண்டியைக் கோணலாக, முட்டையை உருட்டுவது மாதிரி ஏற்றி இறக்குவான். அந்தப் பக்கம் போய் மறுபடி எல்லோரும் ஏறிக்கொள்ள வேண்டும். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். மாமனார் மட்டும், "ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குறவங்கல்லாம் இறங்குங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவன் இருந்தான். மாமாவுக்கே இதில் குறை இல்லை, உனக்கென்ன என்று மனைவியிடம் கேட்டும் இருக்கிறான்.

அப்படி இருக்கும்போதுதான் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் அனுப்பும்போது இரண்டே விஷயம் சொன்னார். தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்துக்குத் தவறாமல் போகவேண்டும். இந்தச் சில மாதத்தில் காலைப் பழக்கவில்லையென்றால் அது இறுகிவிடும், பிறகு அழுதாலும் வராது. ஒத்தவிரல் முந்திக்கொண்டு சொன்னான்: "வண்டி இருக்கு டாக்டர். நானே கூட்டிட்டு வர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், வண்டியைப் பழையபடி உயர்த்திவிடலாமா என்று. அவனுக்குச் சுருக்கென்றது. உயர்த்துவதாவது! சீட்டு எங்கே இறங்கியது, வண்டிதானே இறங்கியது என்று ஒரு கணக்கு சொன்னான். கணக்கு டீச்சரிடமே கணக்கு. மேலே ஒரு தலையணை போட்டால் தீர்ந்தது என்றான். "உங்க அப்பாவுக்காகத்தானே கடையைப் பூட்டிட்டு நானே ஓட்டப்போறேன்" என்று கடைசியில் ஒரு போடு போட்டான். அவள் போய் அலமாரியிலிருந்து ஒரு தலையணையை எடுத்து வந்தாள்.

கூட்டிக்கொண்டு போகவும் செய்தான். அதில் குறை சொல்ல முடியாது. பின் கதவைத் திறந்துவிடுவான், கைத்தடியை வாங்கி வைப்பான், பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். பின்னால் மாமனார் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். திரும்பிப் பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று பார்க்க மாட்டான். வேகத்தடை வந்தால் அவர் மட்டும் உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ஒருநாள் அடியில் லேசாக உரசிய சத்தம் கேட்டு அவன் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த தடவை அவரே, "நிறுத்துங்க மாப்பிள்ளை, நான் இறங்கிக்கிறேன்" என்றார். அவன் வேண்டாம் மாமா என்று வாயால் சொன்னான். கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை, வண்டியைத் துடைக்கும்போது, பின் கதவுக்கு மேலே கறுப்புக் கூரைத் துணியில் எண்ணெய்க் கறை தெரிந்தது. ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. விரல் தடங்கள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மகளைக் கீழே கூப்பிட்டான். வண்டிக்குள் தின்னாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கூரையில் கை வைத்து ஆட இது என்ன ஊஞ்சலா என்று பிடித்துக்கொண்டான். அவள் முதலில் நான் இல்லை என்றாள். பிறகு அந்தக் கறையை அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே அடங்கிப்போய், "சாரிப்பா" என்றாள். பார்த்தாயா ஒத்துக்கொண்டாயே என்று அவன் இன்னும் கொஞ்சம் ஏறினான். ஈரத்துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னான். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது. அதற்கும் அவளுக்குத்தான் திட்டு. மேலே பால்கனியில் மாமனார் நின்றுகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மாமனார் ஒரு செய்தி சொன்னார். இனி பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன். "எனக்குத்தான் பாஸ் இருக்கே மாப்பிள்ளை. டிரைவரும் கண்டக்டரும் நம்ம பசங்கதான், தூக்கி உட்கார வச்சுருவாங்க. நீங்க எதுக்குக் கடையைப் பூட்டணும்?" மனைவி டாக்ஸி வைக்கலாம் என்றாள். அவர் கேட்கவில்லை, பஸ்தான் எனக்குத் தாய்வீடு என்று சிரித்தார். ஒத்தவிரல் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தான். உள்ளுக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: நிம்மதி. கூரைத் துணியை மாற்றிக்கொள்ளலாம், வேகத்தடையில் பயம் இல்லை. அந்த நிம்மதியை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு அவன் வெந்தான்.

மாமனார் காலையில் கிளம்புவார், மதியம் திரும்பி வருவார். எப்படி இருந்தது என்று கேட்டால் பிரமாதம் என்பார். கால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அது நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே வந்தது. ஆபரேஷன் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. பயிற்சி நிலையத்தில் மாமனாரைக் கவனிக்கும் பெண். உங்கள் மாமனார் வேறு எங்காவது போகிறாரா, இங்கே வந்து பல வாரம் ஆகிறதே என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்று காலையில்கூடக் கிளம்பிப் போனாரே! கையில் இருந்த கண்ணாடியை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். ஏதேதோ பயந்தான்.

வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. தெருவைத் தாண்டி, பெரிய சாலை திருப்பத்தில் இருந்த பஸ் நிறுத்தத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு, ஒரு பெண்ணிடம் எந்த பஸ் மருத்துவமனை வழியாகப் போகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் அவனைப் பார்த்துவிட்டு, பெரியவர் உங்க வீடா என்று கேட்டார். தினமும் வருகிறாராம். முதல் நாள் பஸ் ஏறப் போனாராம். கால் படிக்கு எழும்பவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்க, கண்டக்டர் விசிலை ஊத, இவரே நீங்க போங்க தம்பி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாராம். அதிலிருந்து ஏறப் பார்க்கவே இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்துவிட்டு மதியம் எழுந்து போவார் என்றார்.

வாழ்நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கின மனுஷர். ஒத்தவிரலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மாமனார் அவனைக் கண்டதும் திருட்டுப் பிள்ளை மாதிரி எழுந்திருக்கப் பார்த்தார். எதுவும் கேட்காமல், வாங்க மாமா வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னான். பின் கதவைத் திறந்தான். இந்தத் தடவை தன் இடத்துக்குப் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்தான்.

அவர் முதலில் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். காலையில் தேய்த்த வலித் தைலம் விரல்களில் இன்னும் மினுங்கியது. ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு கைக்குட்டையை விரித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார். தலையணை போட்டிருந்தும் சீட்டு அவர் முழங்காலுக்கும் கீழே, கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது. ஆபரேஷன் செய்த காலை மடக்க முடியாமல் நீட்டி, உடம்பைப் பின்பக்கமாகச் சாய்த்து, விழப்போகிற நேரத்தில் அந்தக் கை மேலே போனது. கைப்பிடி இருந்த இடத்துக்குத்தான் போனது. அங்கே ஒன்றும் இல்லை. நாலு விரலும் கறுப்புத் துணியில் வழுக்கிக்கொண்டு வந்தன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் விழுந்தார். விழுந்தவுடன் முதல் காரியமாக மேலே பார்த்தார், கறை பட்டுவிட்டதா என்று.

"படல மாப்பிள்ளை. துணி சுத்தியிருக்கேன்" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரன் அவன். எந்தக் கண்ணாடியில் யார் விரல் பட்டது என்று எட்ட நின்றே சொல்லிவிடுவான். அந்தக் கூரையில் இருந்த தடம் ஒவ்வொன்றும் அகலமாக, ஒரு பெரிய மனுஷர் கட்டைவிரல் அளவுக்கு இருந்ததே; ஒரு சின்னப் பெண்ணின் கை அவ்வளவு பெரிதாக இருக்குமா என்று அன்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லையே! டயருக்கு மேலே எத்தனை விரல் என்று அளக்கத் தெரிந்தது. வீட்டு மனுஷர் விரலைத் தெரியவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பின்னாலிருந்து ரைட் வரவில்லை; அவனாகவே வண்டியை எடுத்தான்.

வேகத்தடை வந்தது. பின்னால் கதவுக் கொண்டியைத் தேடும் சத்தம் கேட்டது. "உட்காருங்க மாமா" என்றான். அவன் நிறுத்தவில்லை, கோணலாகத் திருப்பவும் இல்லை. நேராக ஏற்றினான். அடியில் இரும்பு கிழிகிற சத்தம், ஈரக்குலையைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், முன்னாலிருந்து பின்வரைக்கும் போனது. அவனுக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது, பட்டது போதாது இன்னும் படு என்று.

பின்னாலிருந்து மாமனார் பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயோ, வண்டி அடி வாங்கிருச்சே மாப்பிள்ளை. நான் இறங்கியிருப்பேனே."

அந்த ஆறுதலும் போய்விட்டது.

மாலையில் மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். கறையின் கதையையும் மறைக்கவில்லை. அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டுக்கொண்டு நின்றாள். ஏறி இறங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று அப்பா தொடக்கத்திலேயே அவளிடம் ஒரு தடவை சொன்னாராம். சொன்ன கையோடு, மாப்பிள்ளை ஆசையாக வைத்திருக்கிற வண்டி, குறை சொன்னால் மனசு வாடிவிடும், வாயைத் திறக்காதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாராம். அவள் இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவனைத் திட்டியிருந்தால் தேவலை.

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்தக் கறை நீ பண்ணினது இல்லை, அப்புறம் ஏன் சாரி சொன்னாய் என்று கேட்டான். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னாள்: "தாத்தா பிடிச்சுக்க அங்க எதுவுமே இல்லையேப்பா. அவரைத் திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவளிடம் மன்னிப்புக் கேட்டான். பெற்ற பெண்ணிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாய் குழறியது. பரவாயில்லைப்பா என்று அவள் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது: அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு வண்டியில் ஏறினாலே அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்து வருகிறாள். அவன் அதைக் கண்ணாடியில் பலமுறை பார்த்திருக்கிறான். பிள்ளை ஒழுங்காக உட்காரப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறான்.

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுப் பழைய ஸ்பிரிங்கைப் போடச் சொன்னான். பக்கெட் சீட்டைக் கழற்றினான். பரணில் அட்டைப்பெட்டிக்குள் கைப்பிடிகள் நாலும் பத்திரமாக இருந்தன. கூரையின் கறுப்புத் துணியைத் தன் கையாலேயே கீறி, பழைய ஓட்டைகளைத் தடவிக் கண்டுபிடித்து, நாலையும் முடுக்கினான். கீறின இடம் நூல் பிரிந்து அசிங்கமாகத் தொங்கியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனான். சக்கரத்தின் அருகில் குத்தவைத்த ஒருவன் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிமிர்ந்து, என்னடா ஆச்சு ஒத்தவிரல் என்று கேட்டான். என் மாமனாரால் ஏற முடியவில்லை என்று சொல்ல நாலு வார்த்தை போதும். அது வாயில் வரவில்லை. ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான்.

மறுநாள் மாமனாரைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். போன் செய்த அந்தப் பெண் காலை மெல்ல மடக்கிப் பார்த்துவிட்டு அவனை வெளியே அழைத்துச் சொன்னாள். விட்ட வாரங்களில் நன்றாக இறுகிவிட்டது. இனி வந்தாலும் கொஞ்சம்தான் மீளும், தடி கடைசிவரை வேண்டியிருக்கும். அவன் தலையை ஆட்டினான்.

திரும்பும்போது மகளையும் ஏற்றிக்கொள்ளப் பள்ளி வாசலில் நிறுத்தினார்கள். அவளைப் பார்த்ததும் மாமனார் இறங்கி நின்று, அவளை முதலில் உள்ளே ஏறச் சொன்னார். பிறகு தான் ஏற வந்தார். கைப்பிடி கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்தது. மகள் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தாத்தா வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்து, சிரமப்பட்டுத்தான், ஆனால் விழாமல் உட்கார்ந்தார்.

ஒத்தவிரல் சாவியைத் திருப்பினான். கியரைப் போடவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தான். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ரைட் சொல்லுங்க மாமா" என்றான்.

அவர் முகத்தில் கோபம் கிடையாது. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். மருமகனிடம் எப்போதும் பேசும் அதே மரியாதையோடு சொன்னார்:

"உங்க வண்டி மாப்பிள்ளை. உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப எடுங்க."

ஹாரன் மறுபடி கேட்டது. அவன் வண்டியை எடுத்தான்.